நைட்டியை வீட்டில் விட்டுவிட்டுக் கடலுக்குப் போனேன்

இன்று காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் போன், மனசு முழுக்க மாடு.

முதலில் இருந்து சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு வேன் இருக்கிறது. ஒரு காலத்தில் ஸ்கூல் வேன். என் வீட்டுக்காரர் அதை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர் டேங்க், ஃபேன் என்று வைத்துக் கேம்பர்வேன் ஆக்கிவிட்டார். (ஜன்னல் கம்பியை மட்டும் எடுக்கவில்லை. உள்ளே படுத்தால் ஹோம்வொர்க் ஞாபகம் வரும்.)

சென்னையில் இருந்து ஆட்கள் வருவார்கள். கூட்டமே இல்லாத இடமாகக் கேட்பார்கள். இவர் ஓட்டிக்கொண்டு போவார். ஏரிக்கரை, உப்பளம், பனங்காடு, பெயர்ப்பலகை கூட இல்லாத கடற்கரை.

போகிறவர்களுக்குப் புளிசோறு கட்டுவது நான். தலையணை உறை துவைப்பது நான். திரும்பி வந்த வேனைப் பெருக்குவதும் நான்தான்.

பெருக்கும்போது மணல் வரும். ஒவ்வொரு தடவையும் ஒரு நிறம். இது எந்த ஊர் மணல் என்று இவரைக் கேட்பேன். கொஞ்ச நேரம் முறத்திலேயே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கொட்டுவேன்.

எங்கள் உத்திரமேரூர் பக்கத்தில் இருந்து கடலுக்கு இரண்டு மணி நேரம் கூட ஆகாது. எனக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, எட்டாம் வகுப்பு டூரில். கணுக்கால் நனைவதற்குள் டீச்சர் விசில் ஊதிவிட்டார்.

அப்புறம் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். காரணம் மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. முன்பு அதன் தாய், இப்போது செவலை.

காலை ஐந்து மணிக்கும் மதியம் மூன்றரைக்கும் நான்தான் கறக்க வேண்டும். வேறு ஆள் உட்கார்ந்தால் பாலை அடக்கிக்கொள்ளும், இல்லையென்றால் உதைக்கும். ஒரு தடவை இவர் உட்கார்ந்து பார்த்தார். சொம்பு சாணிக்குப்பையில் கிடந்தது. இவர் அதற்குப் பக்கத்தில்.

இதற்கு எங்கள் பக்கம் ஒரு வழி சொல்வார்கள். கறக்கிறவளின் துணியை வேறு ஒருத்தி போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். வாசனையை வைத்து மாடு ஏமாந்துவிடும். ஆனால் துவைக்காத துணியாக இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். நம்பிக்கைதான் இல்லை.

நேற்று வேன் கேட்டிருந்தவர்கள் கடைசி நேரத்தில் வரவில்லை. நான் புளிசோறு கட்டி முடித்திருந்தேன்.

"வண்டி சும்மாதான கீது. நீ வா சுமதி. ஒரு ராத்திரி தங்கிட்டு, நாளிக்கு மூணு மணிக்குள்ள வூட்டுக்கு வந்துடலாம்" என்றார் இவர்.

"காலைப் பால எவ கறப்பா?"

பக்கத்து வீட்டு மதிலுக்கு மேல் ஒரு தலை வந்தது. அமுதா, என் கொழுந்தனார் மனைவி.

"உன் நைட்டியக் குட்த்துட்டுப் போக்கா. நான் பாத்துக்குறேன்."

"அது உதைக்கும்டி."

"உதைச்சா உன் நைட்டிதான கிழியப் போவுது."

இரண்டு நாளாகக் கொட்டகையிலேயே போட்டிருந்த ஊதா நைட்டியைக் கழற்றிக் கொடுத்தேன். (அமுதா மூக்கைப் பிடித்துக்கொண்டதை நான் தப்பு சொல்ல மாட்டேன்.)

மதியப் பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு நாலரைக்குக் கிளம்பினோம். மதுராந்தகம், செய்யூர், அதற்கப்புறம் ஒரு மண் ரோடு. குப்பத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறு அங்கே நூறு கார் நிற்கும்.

போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேன் கதவைத் தள்ளினேன். நாலு படகு, வலையை மடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா. அதற்கப்புறம் எல்லாம் தண்ணீர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னா சுமதி, கண்ணுல மண்ணு பூந்துச்சா?"

"இவ்ளோ கிட்டத்துல கீது. இத்தினி வருசத்துல ஒரு நாளு இட்டாந்து காட்டணும்னு உங்களுக்குத் தோணலியா?"

"நீதான மாடு மாடுன்னு சொல்லிக்கினே இருந்த."

முழங்கால் வரை இறங்கி நின்றேன். இருட்டும் வரை நின்றேன். விசில் ஊத யாரும் இல்லை.

"இன்னும் தெக்கால போனா ஒரு முகத்துவாரம் கீது. ஆறும் கடலும் ஒண்ணா சேர்ற எடம். அங்க யாருமே வர்றதில்ல" என்றார் இவர்.

நாம்தான் மூன்று மணிக்கு வீட்டில் இருக்க வேண்டுமே என்றேன்.

காலையில் வெளிச்சம் வந்ததும் அமுதாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன், எடுக்கவில்லை. சூரியன் தண்ணீரில் இருந்து மேலே வந்துகொண்டிருக்கிறது. நானோ அமுதாவுக்குக் கால் உடைந்ததா கை உடைந்ததா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பத்தொன்பது வருஷம் ஏங்கியவள் பார்க்கிற லட்சணம் இது.

மூன்றாவது தடவை எடுத்தாள்.

"இன்னாடி ஆச்சு? உதைச்சிச்சா?"

"உதையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்டியே நின்னு குட்த்துச்சு. சொசைட்டில ஊத்திட்டு இப்பதான் வரேன். எப்பவும் விட அரை லிட்டர் ஜாஸ்திக்கா."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. செவலை மேல் கொஞ்சம், என் மேல் நிறைய. ஒரு நைட்டியோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். எத்தனை முறம் மணலைப் பெருக்கிக் கொட்டியிருக்கிறேன்.

இவர் டீ கிளாஸை நீட்டினார். "குடிச்சிட்டு கெளம்பலாமா? மூணு மணிக்குள்ள போவணுமே."

நான் தெற்குப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமுதா இன்னும் லைனில் இருந்தாள். "யக்கா, இந்த நைட்டியத் தொவச்சிப் போட்டுடட்டா? நாத்தம் தாங்கல."

"தொவைக்காதடி. மத்தியானத்துக்கு வேணும். நாளிக்கும் வேணும்."