ராகு காலத்தில் வராத லாரிகள்

இந்த ஊரில் காலைப் பத்து மணியை நான்கு மணி என்கிறார்கள். சூரியன் எழுவதிலிருந்து எண்ணத் தொடங்கும் சுவாஹிலி வழக்கம் அது. வந்த புதிதில், மருந்துக் கடைக்காரர் நான்கு மணிக்கு வரச் சொன்னதை நம்பி மாலையில் போய், பூட்டிய கதவின் முன் நின்றேன். நேரத்தைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மக்கள் என்று அன்று மனத்துக்குள் இகழ்ந்தேன். அப்படி இகழ்ந்த நான் நேரத்தை எழுதிய விதத்தால் ஒரு பெண்ணின் பிழைப்பு கெட்டது. விருதுநகரில் என்னை அறிந்தவர்களும், என்னைப் போல் முதுமையில் பிள்ளைகளைத் தேடிக் கடல் கடந்தவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

உகாண்டாவும் கென்யாவும் தொட்டுக்கொள்ளும் எல்லையில், ஒரு சிற்றாற்றின் உகாண்டாக் கரையில் வசிக்கிறோம். என் மகன் இங்கிருந்து எள் வாங்கி, கென்யா வழியாகத் துறைமுகத்துக்கு அனுப்புகிறான். எல்லைப் பாலத்தைக் கடக்க லாரிகள் வரிசையில் கிடக்கும். சில நாள் வரிசையின் வால் எங்கள் அலுவலக வாசல்வரை நீளும். இந்தப் பிராந்தியத்தின் அண்டை நாடுகளுக்கிடையே சரக்கு எவ்வளவு விரைவாகக் கைமாறுகிறது, எந்த எல்லையில் தேங்குகிறது என்று அளந்து ஒப்பிடுவதற்காக, போன ஆண்டு ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஒவ்வொரு லாரிக்கும் ஒரு சீட்டு. வரிசையில் சேர்ந்த நேரத்தையும் பாலத்தைத் தாண்டிய நேரத்தையும் அதில் எழுத வேண்டும். எங்கள் எல்லைக்கு அந்த வேலையைச் செய்ய வந்தவர் அக்னெஸ். நாற்பது வயதிருக்கும், கணவரை இழந்து, இரண்டு பெண்களைத் தனியாகப் படிக்கவைப்பவர். ஒருவராகவே வரிசையின் வாலிலும் பாலத்து முனையிலும் நிற்க முடியாமல் திண்டாடினார்.

"ம்ஸே, நீங்கள் பகல் முழுவதும் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறீர்கள்? வண்டி வந்து நிற்கும் நேரத்தை மட்டும் எழுதித் தாருங்கள்" என்றார். ம்ஸே என்றால் பெரியவரே என்று பொருள். எங்கள் இருவருக்கும் பொதுவானது அரைகுறை ஆங்கிலம்தான். பிறரிடம் கொடுக்கக் கூடாத சீட்டு அது என்று அப்போது அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வியாபாரம் தெரிந்தவன் என்ற பெருமையோடு வாங்கிக்கொண்டேன். பதினான்கு நாள் எழுதினேன்.

விருதுநகரில் நாற்பது ஆண்டுகள் எள், பருப்புக் கமிஷன் மண்டியில் லோடு சீட்டு எழுதிய கை இது. வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு மேல் லாரி புறப்பட்டால், சீட்டில் பத்தேகால் என்று எழுதுவோம். ராகு காலத்தில் சரக்கு கிளம்பியதாக எந்த மண்டியிலும் காகிதம் இராது. நாரணாபுரத்து ஓட்டுநர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரிப்பார்.

"அண்ணாச்சி, வண்டி இப்பத்தான கிளம்புது. ராகு சீட்டை வாசிக்கவா போறாரு?"

"வாசிக்க மாட்டாருன்னுதாம்லே எழுதுதேன். நீ ஓட்டு."

அங்கே அதனால் எவரும் ஏமாறவில்லை. வாங்குபவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும். அந்தக் கையோடுதான் இங்கே வந்தேன். சிவகாசியில் அச்சிட்ட தினசரி நாட்காட்டி ஒன்றை மகன் ஆண்டுதோறும் வரவழைத்து அலுவலகச் சுவரில் மாட்டுவான். ராகு காலத்தில் வந்து நின்ற லாரிகளுக்கு, அது தொடங்குமுன்னோ முடிந்த பின்னோ, எது அருகில் இருந்ததோ அந்த நேரத்தை எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்ற எண்ணமே எழவில்லை. அந்த வண்டிகளுக்கு நன்மை செய்வதாகத்தான் நினைத்தேன்.

கணக்கெடுப்பு முடிந்ததும் தலைநகரிலிருந்து மேற்பார்வையாளர் வந்தார். எங்கள் முற்றத்திலேயே மேசை போட்டு அக்னெஸை நிற்கவைத்துக் கேட்டார்.

"திங்கள் ஏழரை முதல் ஒன்பதுவரை ஒரு லாரியும் வரவில்லை. சனி ஒன்பது முதல் பத்தரைவரை வரவில்லை. நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் சாலையே காலியாக இருந்ததா? எங்கே போனீர்கள்? வீட்டில் உட்கார்ந்து எழுதினீர்களா?"

"நான் இங்கேதான் இருந்தேன்" என்றார் அக்னெஸ். சீட்டைக் கைமாற்றியதை ஒப்புக்கொண்டாலும் வேலை போகும் என்பதால் அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. அடுத்த எல்லையில் அவருக்குக் காத்திருந்த ஆறு மாத வேலை அங்கே, என் கண்முன் நழுவிக்கொண்டிருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. எழப் போனேன். மகன் என் தோளில் கைவைத்தான்.

"அப்பா, பேசாம இருங்க. நம்ம வண்டி அம்புட்டும் வரிசையில நிக்கி. நீங்க எழுதுனீகன்னு தெரிஞ்சா நம்மளையும்ல தோண்டுவாக?"

நான் உட்கார்ந்தேன். அவன் கையின் கனத்தால் அல்ல. நானும் அப்படித்தான் எண்ணினேன்.

மேற்பார்வையாளர் போன பிறகு அக்னெஸ் என்னிடம் வந்தார். கோபம் இல்லை. "தினமும் அந்த நேரத்தில் கண்ணயர்ந்துவிட்டீர்களா, ம்ஸே? வயதானால் அப்படித்தான். கொடுத்தது என் தவறு" என்றார். அந்தக் கருணையைத் தாங்க முடியாமல்தான் உண்மையைச் சொன்னேன். ராகு என்று ஒருவர், அவருக்கென்று அன்றாடம் ஒரு நேரம், அப்போது எதையும் தொடங்கலாகாது. கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்த அதிகாரி எந்த அலுவலகத்தில் இருக்கிறார்? இவ்வளவு தொலைவிலிருந்தும் அவருக்குப் பயப்படுகிறீர்களே" என்றார்.

மறுநாள் காலை, மகன் தடுத்தும் கேளாமல், அக்னெஸோடு பாலம் கடந்து, கென்யாக் கரையில் மேற்பார்வையாளர் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். கிழித்த நாட்காட்டித் தாள்களை நான் எறிவதில்லை. பின்பக்கத்தில் பக்திப் பாடல்களை எழுதிவைப்பேன். அந்தப் பதினான்கு தாள்களையும் மேசைமேல் பரப்பினேன். ராகு கால மணியையும் தம் பட்டியலின் வெற்றிடங்களையும் அவர் ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு ஒரு தாளைத் திருப்பினார்.

"இதுவும் நேரமா?"

"இல்லை. இறைவன் மீது பாடிய பாட்டு."

"என்ன சொல்கிறது?"

அந்தத் தாள்தான் அவர் கையில் அகப்பட வேண்டுமா? பிள்ளைப் பிராயம் முதல் நான் நாள் தவறாமல் ஓதும் பாட்டு. தயங்கித் தயங்கிச் சொன்னேன்: "அவனைப் பற்றியவர்களைக் கிரகங்கள் ஒன்றும் செய்யமாட்டா என்கிறது."

அவர் சிரித்திருந்தால் பிழைத்திருப்பேன். தாளைப் பக்குவமாக என் பக்கம் நகர்த்திவைத்தார். எழுபது ஆண்டு நாவில் சுமந்த தமிழ், பிறகு ராகுவுக்கு ஏன் அஞ்சினாய் என்று ஓர் அந்நியர் முன்னிலையில் என்னைப் பார்த்துக் கேட்டது போலிருந்தது.

"வீட்டிலிருந்து எழுதினார் என்ற வரியை அடித்துவிடுகிறேன். ஆனால் சீட்டைக் கைமாற்றியது உண்மை. அடுத்த எல்லைக்கு வேறொருவர் போவார். ஒப்பீட்டுப் பட்டியலில் உங்கள் எல்லையின் பெயருக்கு நேரே இடம் காலியாகத்தான் இருக்கும்" என்றார்.

திரும்பும்போது அக்னெஸ் எனக்குச் சில அடி பின்னால் வந்தார். பாலத்தின் நடுவில் புதிய காவலர் என்னை மறித்தார். கடவுச்சீட்டை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன்; காலையில் நின்ற காவலர் முகம் அறிந்தவர் என்பதால் கேட்கவில்லை. "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். இரு திசையிலும் லாரிகள் உறுமிக்கொண்டு நின்றன. விருதுநகர் என்று வாயில் வந்ததை விழுங்கினேன். உகாண்டா என்று சொல்ல நா எழவில்லை. பின்னாலிருந்து அக்னெஸின் குரல் கேட்டது.

"இவர் எங்கள் பக்கத்தவர். விடுங்கள்."

காவலர் விலகினார். முற்றத்தில் அக்னெஸுக்காக ஒரு சொல் பேசாதிருந்த நான், அவர் சொன்ன பக்கத்தை நோக்கித் தலைகுனிந்து நடந்தேன்.