குறட்டால் கழற்றிய தகடுகள்

புளியங்கூடலில் எங்களிடம் உள்ள பழைய கேம்பிரிட்ஜ் காருக்கு லண்டன் மச்சான், வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டான கேம்ஷாஃப்டை, புது ரோலர் வகையில், டப்பெட்டுகளோடு அனுப்பினார். பழைய எஞ்சினில் வால்வைத் தள்ளும் டப்பெட்டுகள் கேம்ஷாஃப்டில் உரசி ஓடும். இந்தப் புது டப்பெட்டுகளின் அடியில் சிறு சில்லு இருப்பதால் உருண்டு ஓடுமாம். மகளின் கல்யாணத்துக்கு அந்தக் காரில்தான் போவது என்று பிடிவாதமாக நின்றேன்.

அவற்றைப் பூட்ட வந்த மெக்கானிக் எதையும் வாசிக்காமலே எல்லாம் தெரிந்த வகை. புது டப்பெட்டுகளைச் சோடி சோடியாக மெல்லிய தகடுகள் பிணைத்திருந்தன.

“உது பார்சலுக்குள்ள ஆடாமல் இருக்கப் போட்டது அண்ணை. கழட்டி எறியுங்கோ.”

“ஓம், எனக்கும் அப்பிடித்தான் தெரியுது” என்று நானே குறட்டால் கழற்றினேன். கூட வந்த விளக்கத் தாளின்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தோம்.

கார் ஒரு கிழமை ஓடியது. கல்யாணத்தன்று மண்டைதீவுச் சந்தி தாண்டி, இருபக்கமும் கடலான தெருவில் எஞ்சின் கடகடத்து நின்றது. மணப்பெண்ணை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது பின்னால் வந்த பஸ்.

எஞ்சினைக் கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சில்லுகளை நேராக நிறுத்துவதுதான் அந்தத் தகடுகளின் வேலை என்று. அவை இல்லாமல் சில்லுகள் குறுக்கே திரும்பிக் கேம்ஷாஃப்டை அராவித் தின்றிருந்தன. தாளில் அது தெளிவாக எழுதியிருந்தது, தேநீர்க் கறை வட்டத்துக்கு நடுவில்.

“நானும் அப்பவே யோசிச்சனான் அண்ணை” என்றார் அவர். யோசித்தாராம்!

இப்போது ஏதாவது ஒரு பாகம் தேவையில்லை என்பவர், அதன் வேலை என்னவென்று சொன்ன பிறகே என் பொனட்டைத் தொடலாம். சொல்லத் தெரியாதவர்களுக்குத் தள்ளி உட்கார ஒரு கதிரை போட்டிருக்கிறேன். அதில் பெரும்பாலும் நான்தான் இருக்கிறேன்.