பின்னறைக் கிணறு

கப்பி கிறீச்சிட்டது. பின்னறையில் யாரோ கிணற்றுக்குள் வாளியை விடுகிறார்கள். கயிறு மளமளவென்று ஓடியது. அடுத்த கணம் வாளி தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தது.

சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தவமலர் கடிகாரத்தைப் பார்த்தாள். பகல் பதினொன்றரை. கணவர் றொபேட் வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை.

"வந்திட்டியே தம்பி?" என்றாள் மெல்ல.

பின்னறைக்குப் போய்ப் பார்த்தால், கயிறு சுருட்டியபடியே ஆணியில் தொங்கியது. வாளி காய்ந்து கிடந்தது. கிணற்றுக்கட்டில் நேற்று அவள் இறைத்து வைத்த செம்புத் தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை.

டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ நகருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே அந்தப் பழைய வீடு. இருபது வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் குளிரில் நின்று கை மரத்தவள் தவமலர். வீட்டுக்குள்ளேயே கிணறு இருக்கிறது என்ற ஒரே ஆசையில் அதை வாங்கினாள். குடிக்க ஊர்க்குழாய்த் தண்ணீர் வந்தது. கிணறு தோட்டத்துக்கு மட்டும்தான். ஞாயிறு தவறாமல் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவள் அவள். பேய் பிசாசு என்றால் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு இந்த மே மாதத்தில் நின்றுபோயிற்று. முள்ளிவாய்க்காலிலிருந்து தம்பி நேசகுமார் யாருடைய தொலைபேசியிலோ பேசினான். "அக்கா, மணலைத் தோண்டினா உப்புத் தண்ணிதான் வருது. உங்கட கிணத்தில ஒரு செம்பு கிடைச்சாக் காணும்." தொடர்பு அறுந்தது. அப்போதும் பதினொன்றரை. மறுநாளிலிருந்து கப்பிச் சத்தம். போர் முடிந்துவிட்டது என்று செய்தி வந்து இன்று நான்காம் நாள். தம்பியைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் வரவில்லை.

வாசல் மணி அடித்தது.

"வணக்கம் அன்ரி. நான் அனோஜா. கொம்யூனிலயிருந்து, நகரசபையிலயிருந்து வாறன். குடிக்கப் பாவிக்காத கிணறுகளை மூடச்சொல்லி மூண்டு கடிதம் போட்டனாங்கள்."

"தமிழ்ப் பிள்ளையை அனுப்பினா நான் இளகிப் போவனெண்டு நினைச்சினமாக்கும்?"

"அப்பிடியில்லை அன்ரி. டெனிஷ்காரர் எல்லாம் வெயிலைக் கண்டிட்டு லீவில போயிட்டினம். மிஞ்சினது நான்தான். சப்பாத்தைக் கழட்டவோ?"

"கழட்டாமல் காலை வைச்சுப் பாரும்!"

அனோஜா கிணற்றுக்குள் ஒரு சிறு போத்தலை நூலில் கட்டி இறக்கினாள். மேலே எடுத்ததும் முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இதென்ன, நீச்சல்குளத்து மணம்?"

"செய்தி வந்த அண்டைக்குத் தண்ணியில ஒரு வாடை, பிள்ளை. பிண வாடை. ஊரில எண்டா சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போடுவார். நானும் வாங்கிப் போட்டனான். பிறகு முழுக்க இறைச்சு ஓடையில ஊத்தினன்."

"ஐயோ அன்ரி! இஞ்ச கிணத்துக்கு அப்பிடிப் போடுறேல்லை. ஓடைக்கரையில தவளையள் வயித்தைக் காட்டிக்கொண்டு மிதக்குது. இப்ப பாத்திட்டுத்தான் வாறன்."

நான்கு நாளாகத் தவளைகள் கத்தவில்லை. அவையும் தன்னோடு சேர்ந்து துக்கம் காக்கின்றன என்று அவள் நினைத்திருந்தாள்.

"அந்த வாடை வயலுக்குப் போடுற பன்றிச் சாணம். முந்தி மாதிரி மழை ஆறுதலாப் பெய்யிறேல்லை இப்ப. காய்ஞ்சு கிடக்கும், பிறகு ஒரேயடியாக் கொட்டும். வயலில போட்ட உரமும் மருந்தும் வழிஞ்சு வந்து இந்தக் கிணத்துக்குள்ளால நேர கீழ போகுது. ஊர் முழுக்கக் குடிக்கிற தண்ணி அங்கதான் இருக்கு. பக்கத்து வீட்டு விக்ரோரியா தன்ர கிணத்துத் தண்ணியில குழந்தைக்குப் பால்மாக் கரைக்கிறா. அவவின்ர தண்ணியிலயும் குளோரின் மணக்குதாம்."

 தவமலர் கிணற்றுக்கட்டை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மூடினா என்ர தம்பி எங்க வந்து குடிப்பான்?"

 அனோஜா கிணற்றுக்கட்டிலிருந்த செம்பில் ஒரு பரிசோதனைத் தாளை நனைத்தாள். வெள்ளைத் தாள் அவர்கள் கண்முன்னே இரத்தம் ஊறியதுபோலச் சிவந்தது.

"உரத்தால வாற நைட்ரேற் நஞ்சு உச்சத்தில நிக்குது. ஆருக்கு அன்ரி இதைக் குடிக்க வைச்சனீங்கள்?"

தவமலர் அந்தத் தாளையே பார்த்தாள். நாள்தோறும் வந்தான். நாள்தோறும் குடிக்காமல் போனான். தாகத்தோடு வந்த பிள்ளைக்கு அவள் நஞ்சை எடுத்து நீட்டியிருக்கிறாள்!

"ஐயோ என்ர ராசா..."

செம்பைக் கவிழ்த்துக் கழுவினாள். சமையலறைக் குழாயைத் திறந்து, தண்ணீர் நன்றாகக் குளிரும்வரை ஓடவிட்டுப் பிடித்தாள்.

"இதுவும் நிலத்துத் தண்ணிதானே, பிள்ளை?"

"ஓம் அன்ரி. ஆழத்துத் தண்ணி. இன்னும் பழுதாகேல்லை."

செம்பைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு வந்து மேசைமுன் உட்கார்ந்தாள். "தாரும், கிணத்தை மூடுறதுக்கு ஒப்பம் வைக்கிற அந்தக் கடுதாசியை."

பேனாவைக் கையில் எடுத்தபோது பின்னறையில் செம்பு கல்லில் உரசியது. பிறகு மடக்கு மடக்கென்று, நெடுநாள் தாகம் தீர்க்கும் ஓசை. செம்பு வெறுமையாகக் கிணற்றுக்கட்டில் அமர்ந்து கணீரென்றது.

அனோஜாவின் முகம் வெளிறியது. எழப்போனவளின் கையைத் தவமலர் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பிப் பாக்காதேயும். அவன் வெளிக்கிட்டிட்டான்."

ஈரக் கால்கள் தரையில் பதிந்து பதிந்து நகரும் சத்தம். அது மேசையைக் கடக்கும்போது உப்புக் காற்று வீசியது. தவமலர் தலை நிமிராமல் தன் பெயரை எழுதி முடித்தாள்.

முற்றத்துக் கதவு திறந்தது. பிறகு, தூங்குகிறவர்களை எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல, மெதுவாகச் சாத்திக்கொண்டது.