குழாய்க்கு முன்னால் எடுத்த லைன்

தண்ணீர் ஃபில்டர் சரிசெய்யும் அந்த மனிதரை வட்டாரமே பாட்டுப்பெட்டி என்றுதான் கூப்பிடும். அவர் பைக் தெருமுனை திரும்பும் முன்பே பாட்டு வந்து சேர்ந்துவிடும். ஹேண்டில்பாரில் போன், பக்கத்தில் உள்ளங்கை அகல ஸ்பீக்கர். வழியில் பாட்டு கேட்காவிட்டால் போய்ச் சேரும் வீட்டில் அவருக்குக் கை ஓடாது.

ஆனால் மத்தியானம் சாப்பிட்டு எழுவதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிடும். வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் அடித்துப் பார்த்துவிட்டு வேறு ஆளைத் தேடினார்கள். நிரந்தர வாடிக்கையான பல் மருத்துவமனைகூட அப்படிக் கைநழுவப் பார்த்தது. தையல் ஆலையில் துணி வெட்டும் அவர் மனைவி சுற்றி வளைக்கவில்லை.

"பாட்டா, பொழப்பான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. இன்னொரு தடவை போன் செத்துச்சுன்னா அந்த ஸ்பீக்கர் பரண்மேல ஏறிடும்."

சொன்னால் செய்கிறவள். மறுநாளே அவர் பைக்கில் பொருத்தும் சார்ஜர் ஒன்றை வாங்கி வந்தார். வண்டியைத் தன் கடைக்குக் கொண்டுவரச் சொன்னான், மெக்கானிக்கான மைத்துனன். இரண்டு ஒயர் மாட்ட மெக்கானிக் எதற்கு என்று சீட்டைத் தானே கழற்றினார்.

அவர் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஃபில்டருக்கு லைன் எடுப்பதென்றால் சமையலறைக் குழாய்க்கு முன்னாலேயே எடுப்பார். குழாயை மூடினாலும் ஃபில்டருக்குத் தண்ணீர் நிற்காது. கரண்ட்டுக்கும் அதே கணக்கைப் போட்டார். சாவி இருக்கும் பக்கமே போகாமல் நேராக பேட்டரியில் ஒயரை முடுக்கினார். சாவி போடாமலே சார்ஜரில் நீல விளக்கு எரிந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டி, ஸ்பீக்கரும் நிரம்பட்டும் என்று செருகிவிட்டு நிம்மதியாகப் படுத்தார்.

காலையில் ஸ்டார்ட் பொத்தான் 'டிக்' என்றதோடு சரி. பேட்டரியும் பழசு, உதைத்துக் கிளப்ப வண்டியில் கிக்கரும் கிடையாது. ஆலைக் கதவு மூடுவதற்குள் மனைவி போயாக வேண்டும். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளே பின்னாலிருந்து தள்ளினாள். இறக்கத்தில் வண்டி இருமிக்கொண்டு உயிர் பெற்றது. ஏறி உட்கார்ந்தவள் வழியெல்லாம் மணியையே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவருக்குப் பரண் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அவளை இறக்கிவிட்டு நேரே மைத்துனன் கடைக்கு விட்டார். சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"உங்க லைனுக்குப் பின்னால ஊர்த் தொட்டியே இருக்கு மாமா. இங்க இருக்கறது ஒரு சொம்பு. ராத்திரி முழுக்க ஒழுகவிட்டா என்ன மிஞ்சும்?"

ஒயரைப் பிரித்து, சாவி திறந்தால் மட்டும் கரண்ட் வரும் லைனில் சேர்த்தான். நடுவில் ஒரு ஃபியூஸும் வைத்தான். இப்போது சாவியை மூடினால் நீல விளக்கும் அணைந்தது. அக்காவிடம் மூச்சு விடாதே என்று கெஞ்சிப் பார்த்தார். அவன் ஏற்கெனவே போனில் சொல்லி முடித்திருந்தான்.

அன்று பகலெல்லாம் பாட்டு ஓடியது, அழைப்புகளும் தப்பாமல் வந்தன. பல் மருத்துவமனைக்கும் போய் ஃபில்டரை மாற்றிவிட்டு, சாயங்காலம் ஆலை வாசலில் போய் நின்றார். வெளியே வந்த மனைவி அவரைப் பார்க்கும் முன் ஹேண்டில்பாரில் இருந்த போனைத்தான் பார்த்தாள். சார்ஜ் நிறைந்திருந்தது. ஏறிக்கொண்டாள்.

வம்பு வேண்டாம் என்று அவர் பாட்டைக் குறைத்தே வைத்திருந்தார். சிக்னலில் அது முடிந்தபோது தோளில் ஒரு தட்டு விழுந்தது.

"அதையே இன்னொரு தடவை போடுங்க. சத்தமா. காலையில தள்ளினேன்ல, அதுக்குக் கூலி."