ஓரத்தில் எழுதிய வரி

செவ்வாயும் வெள்ளியும் என் மனைவிக்கு தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பொம்மிடியிலிருந்து காலையில் முதல் பஸ்ஸைப் பிடிப்போம். அவளைக் கட்டிலில் படுக்கவைத்து ஊசி குத்தியதும் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். நான்கு மணி நேரம் அவள் ரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுற்றி வரும். அந்த நேரம் முழுக்க நான் வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் நீள நோட்டை வைத்துக்கொண்டு, புதிய ஏற்பாட்டைப் பார்த்துப் பார்த்து எழுதுவேன்.

எங்கள் சபையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. வேதாகமத்தைக் கையால் எழுதி முடித்தவர்களை அறுப்பின் பண்டிகையில் மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போடுவார்கள். அந்தச் சால்வைக்காக நான் எழுதவில்லை. நான் எழுதியது பொருத்தனைக்காக. புதிய ஏற்பாட்டை ஒரு வார்த்தை விடாமல் எழுதி முடிக்கிறேன், அவளை எனக்கு விட்டுவையும் ஆண்டவரே என்று ஜெபம் பண்ணியிருந்தேன். பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். புளி மண்டியில் மூட்டை எடை போடுகிற வேலை. மூட்டை மேல் நம்பர் போடுவதைத் தவிர எழுத்து வேலை எதுவும் செய்ததில்லை. முதல் நோட்டின் பக்கங்களில் புளிக் கறை பட்ட என் விரல் அடையாளம் இன்னும் இருக்கிறது.

அவள் என்னைக் கேலி செய்வாள். "வாயத் தொறந்து நாலு வார்த்த பேச முடியாது. கை மட்டும் என்னா ஓட்டம் ஓடுது பாரு. இன்னும் எவ்ளோங்க இருக்குது?"

"இருக்குது."

"சீக்கிரம் முடிங்க. நல்லா ஆனதும் சித்தேரிக்குப் போவணும். எங்கக்காளப் பாக்கணும்."

அவள் சித்தேரி மலைக்காரி. சின்ன வயதில் தாயை இழந்தவளை அக்காதான் வளர்த்தார். இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் என்னைக் கட்டிக்கொள்ள மலையிறங்கி வந்தாள், ஞானஸ்நானம் எடுத்தாள். இனிமேல் இந்த மலை ஏறாதே என்று அக்கா சொல்லிவிட்டார். இவளும் ஏறவில்லை. இப்போது போகலாமே என்று ஒருமுறை கேட்டேன். "இந்த ஊதுன மூஞ்சியோடயா? நீ கும்புடுற சாமி குடுத்தது இதானான்னு கேப்பா. நல்லா ஆகித்தான் அவ முன்னால போயி நிப்பேன்" என்றாள். அக்காவுக்கென்று பச்சைச் சேலை ஒன்று வாங்கி பீரோவில் வைத்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். இருதயம் பலவீனமாகிவிட்டது, மெஷின் ஓடும்போதே பிரஷர் இறங்கிவிடுகிறது, இனி நிறைய நாள் தாங்காது என்றார். நிதானமாகத்தான் சொன்னார். "அவங்க யாரையாச்சும் பாக்கணும்னு நெனச்சா, தள்ளிப் போடாம பாத்துடச் சொல்லுங்க" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து எழுதினேன்.

அன்று பஸ்ஸில் அவளிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையும் சொல்லவில்லை. சொல்லத்தான் வாயைத் திறப்பேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு அக்காவின் பேச்சை எடுப்பாள், நான் மூடிக்கொள்வேன். எழுதி முடித்துவிட்டால் சொல்லவேண்டிய அவசியமே வராது என்று மனதுக்குள் ஒரு கணக்கு. மண்டியிலிருந்து வந்ததும் எழுதினேன். சோறு ஆறிக்கிடக்க எழுதினேன். இரண்டு வாரம் இப்படிப் போயிற்று.

மூன்றாவது வாரம், எழுதியதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு இடத்தில் தப்பு கண்ணில் பட்டது. நான்கு சுவிசேஷங்களில் சின்னதில், பன்னிரண்டு வருஷம் ரத்தப்போக்கால் கஷ்டப்பட்ட ஒரு பெண் வருவாள். கூட்டத்தில் பின்னால் வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுவாள். உடனே நோய் தீரும். என்னைத் தொட்டது யார் என்று அவர் திரும்பிக் கேட்பார். 'தொட்டாள்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தவன், மறுபடி குனிந்தபோது கீழே இருந்த 'தொட்டது' மேல் கண்ணை வைத்துவிட்டேன் போல. என் நோட்டில் அவள் தொடுகிறாள், யார் தொட்டது என்று அவர் கேட்கிறார். அவள் நோய் தீர்ந்த வரி மட்டும் இல்லை.

எந்த வரியை வேண்டுமானாலும் விட்டிருக்கலாம். அந்த வரியை விட்டிருந்தேன்.

அன்று சனிக்கிழமை. நோட்டை எடுத்துக்கொண்டு போதகர் வீட்டுக்கு ஓடினேன். வெறும் விசாரிப்புக்குக்கூட அவர் வீட்டுக் கதவை நான் தட்டியதில்லை. வாசலில் நின்றபடியே காட்டினேன். பொருத்தனை வீணாகிப்போச்சுங்களா ஐயா என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு சிரித்தார். "உக்காருங்க பிரதர். நீங்க ஒருத்தர்தான் வரிய வுட்டதுன்னு நெனச்சீங்களா?"

அன்றைக்கு அவர் சொன்னதெல்லாம் அதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை. இயேசு தாமாக ஒரு புத்தகமும் எழுதிவைக்கவில்லை. அவருக்குப் பிறகு நிறைய வருஷம் எல்லாம் வாய்ச்சொல்லாகவே இருந்தது. முதலில் எழுதப்பட்டவை சபைகளுக்குப் போன கடிதங்கள். யாரோ ஒருவர் சத்தமாகப் படிக்க, படிக்கத் தெரியாத மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். சுவிசேஷங்கள் அதற்கும் பிறகுதான். முதலில் எழுதிய ஏடு ஒன்றுகூட இன்று இல்லை. நம்மிடம் இருப்பதெல்லாம் பார்த்து எழுதியதைப் பார்த்து எழுதியவை. வார்த்தைக்கு வார்த்தை இடம்கூட விடாமல் எழுதினார்களாம். இரண்டு வரி ஒரே மாதிரி முடிந்தால் கண் தாவிவிடும், நடுவில் இருப்பது போய்விடும்.

"பின்னால சரிபாக்குறவன் என்ன பண்ணுவான் தெரியுங்களா? வுட்டுப்போனத ஓரத்துல எழுதுவான். நீங்களும் ஓரத்துல எழுதுங்க. தப்பு நடந்தது தெரிஞ்சா தெரியட்டுமே."

எனக்கு மூச்சு வந்தது. எழுந்தபோது அவர் விடவில்லை. எனக்குக் கதை கேட்கும் ஆசை இருப்பதாக நினைத்துக்கொண்டார் போல. தன் மேஜையிலிருந்து புதிய மொழிபெயர்ப்பு ஒன்றை எடுத்து அதே சின்ன சுவிசேஷத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். கடைசிப் பகுதி அடைப்புக்குறிக்குள் இருந்தது. என் பழைய புத்தகத்தில் அப்படி இல்லை.

"நமக்குக் கெடைச்ச ரொம்பப் பழைய பிரதிங்க இந்தக் குறிக்கு முன்னாலயே நின்னுபோவுது. இதுக்கு அப்புறம் இருக்கறது பின்னால வந்தவங்க சேத்ததுன்னு சொல்றாங்க. முன்னால என்ன இருக்குதுன்னு படிங்க."

படித்தேன். அதிகாலையில் இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்கள். கல் புரண்டு கிடக்கிறது. அவர் உயிரோடு எழுந்துவிட்டார், போய்ச் சொல்லுங்கள் என்று அவர்களிடம் சொல்லப்படுகிறது. அவர்கள் நடுங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பயத்தினால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு நின்றுவிடுகிறது.

அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படித்தேன். அப்புறம் கேட்டேன். "சொல்லாமயே இருந்துட்டாங்கன்னா, நமக்கு எப்படிங்கய்யா தெரிஞ்சுது?"

"யாராச்சும் ஒருத்தி அப்புறமா சொல்லியிருப்பா. இல்லன்னா நீங்க இன்னைக்கு என்னத்தப் பாத்து எழுதுவீங்க?" என்றார். "டீ சாப்பிடுங்க."

டீ குடிக்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்ததும் அவள் காய் நறுக்க உட்கார்ந்தாள். அவளுக்கான காயை நறுக்கி, வெந்நீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். நான் எதிரில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எப்ப சொன்னாரு?"

"மூணு வாரம் ஆவப்போவுது."

அப்போது கத்தியைக் கீழே வைத்தாள். "எத்தன தடவ ஒண்ணா பஸ்ஸுல போயி வந்தோம். பக்கத்துலயே உக்காந்துகிட்டு வந்தீங்க."

நான் நறுக்கிய காயைத் தட்டில் அள்ளிப் போட்டேன்.

"அப்ப கொஞ்சம் நடக்கவாச்சும் முடிஞ்சுது. இப்ப வாசல் தாண்டுறதுக்குள்ள மூச்சு வாங்குது. நீங்க எழுதிக்கிட்டு இருந்த நேரத்துல நான் மலையேறி எறங்கியிருப்பேன்." அழவில்லை. கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டு, "நாளைக்குப் போலாம். அந்தச் சேலய எடுத்து வைங்க" என்றாள்.

திங்கட்கிழமை அரூர் போய் மலை பஸ் ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டாள். அக்கா வீட்டு முன்னால் சாமை காயவைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். அருகில் வரவில்லை.

"ஏன்டி இப்பிடி ஊதிக் கெடக்குற?"

"தண்ணி. ஒடம்பு பூரா தண்ணி."

"மலைய வுட்டு எறங்காதன்னு அன்னைக்கே சொன்னேன்."

"ஏறாதன்னுதான் சொன்ன. எறங்காதன்னு எப்ப சொன்ன?"

அக்கா உள்ளே போனார். அவ்வளவுதான், திரும்பிப் போகவேண்டியதுதான் என்று நினைத்தேன். அவர் ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து இவள் கையில் கொடுத்தார்.

என் மனைவி ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது. அந்தச் சொம்பு ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கும். அவள் சொம்பின் விளிம்புக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் அண்ணாந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். அக்கா அவள் மோவாயில் வழிந்ததைத் தன் முந்தானையால் துடைத்தார்.

செவ்வாய்க்கிழமை மெஷினில் போடும் முன்னால் எடை பார்த்த சிஸ்டர் கோபித்துக்கொண்டார். "இவ்ளோ ஏறியிருக்குது. யாரும்மா உங்களுக்கு இவ்ளோ தண்ணி குடுத்தது?"

"எங்கக்கா குடுத்தா" என்றாள், எல்லாக் கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் இருந்தாள். அக்கா இரண்டு முறை மலையிறங்கி வந்தார். இரண்டாவது முறை அந்தப் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார், அதற்குள் இவள் கண் திறந்து பார்க்கிற நிலையில் இல்லை. அந்த ஒரு சொம்பு எத்தனை நாளைக் குறைத்தது என்று யாரையும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தது எத்தனை நாளைக் குறைத்தது என்று மட்டும் யாரையும் கேட்காமலே எனக்குத் தெரியும். முதல் நாளே சொல்லியிருந்தால் அக்காவும் தங்கையும் சேர்ந்திருக்க எட்டு வாரம் கிடைத்திருக்கும்.

அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் போதகர் நோட்டுகளைக் கேட்டார். முடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். சின்ன சுவிசேஷத்தில் அந்தப் பெண்கள் பயந்து ஓடுகிற இடத்தோடு நிறுத்தியிருக்கிறேன். அதற்குமேல் எழுதக் கை வரவில்லை. அவள் போன மறுநாள், ஓரத்தில் எழுதியிருந்த அந்த ஒரு வரியை, நோய் தீர்ந்த வரியை, அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். போதகர் வீட்டுக்குப் போய் வந்த அன்று ராத்திரி சிவப்பு மையில் எழுதியது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். அது பன்னிரண்டு வருஷம் கஷ்டப்பட்ட அந்தப் பெண்ணுடைய வரி. அதை இரண்டாவது முறையும் விட எனக்கு மனம் வரவில்லை.