தையலுக்குள் போன பாதி வசனம்

பல வருடமாகத் தேடிய காமிக்ஸ் இன்று கூரியரில் வந்தது. கசங்காத அட்டை, தைக்காத தாள். முகர்ந்தால் பிளாஸ்டிக் உறையின் நாற்றம்தான்.

சின்ன வயதில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த வாடகைப் புத்தகக் கடையில், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சிய மைதாப் பசை மணக்கும். கடைக்கார அண்ணன் ஒவ்வொரு காமிக்ஸையும் கோணூசியால் சாக்குத் தைப்பதுபோல் தைத்துவிடுவதால், ஓரத்து வசனங்களில் பாதி தையலுக்குள் போய்விடும். விரித்தால், "பிரிக்காதீங்கப்பா, தையல் விட்டுரும்" என்பார். மறைந்த பாதியை நண்பன் கதிர்தான் சொந்தமாகச் சொல்லி முடிப்பான். சாகக் கிடக்கும் கொள்ளைக்காரன் "என் குதிரைக்கு" என்று தொடங்கும் இடத்தில், "தண்ணீர் காட்டிவிட்டு என்னைப் புதையுங்கள்" என்று அவன் வாசித்ததை மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னேன்.

இன்று முழு வசனத்தையும் படித்தேன். "என் குதிரைக்குக் கால் வலி." அவ்வளவுதான். இதற்காகவா ஊர் ஊராக அலைந்தேன் என்று எரிச்சலாக வருகிறது.

கடையை நிரந்தரமாக மூடிய அன்று அண்ணனே கூப்பிட்டுச் சொன்னார்: "வேணுங்கிறதை எடுத்துட்டுப் போப்பா." ஊசி குத்திய புத்தகத்துக்கு மதிப்பில்லை என்று, பெரிய சேகரிப்பாளன் என்ற நினைப்பில், வெறுங்கையோடு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன்.