அவள் கையால் என் புள்ளடி

என் கண்ணில் பூ விழுந்திருந்த வருடம் அது. கடல் எது, வானம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய பால் சட்டி மாதிரி இருக்கும். கண்டக்குழிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் காற்றில் ஏற்றும் பட்டங்கள் மட்டும் அந்தப் பாலுக்குள் சிவப்பும் மஞ்சளுமாக மிதந்து போகும். வீட்டு ஆட்கள் என்னைப் பாவம் என்றார்கள். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் உலகம் நல்ல அழகாகத்தான் இருந்தது. மருமகளின் முகம் கூட.

அந்த வருடம்தான் பிரதேச சபைத் தேர்தலும் வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் என் கூட்டாளி இருக்கிறாள். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, ஒரு பையும் இரண்டு பிள்ளைகளுமாக இங்கே வந்தவள். நான் இந்த ஊரிலேயே பிறந்து கிடப்பவள். அவள் என்னை அக்கா முறையில் ராத்தா என்பாள், நான் அவளை மச்சி என்பேன். நாங்கள் சண்டை பிடிக்காத தேர்தல் கிடையாது. அவள் வாக்குப் போடும் ஆள், மன்னாரிலிருந்து வந்தவர்களுக்கு வீடும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தவர். என்னுடைய ஆள், ஹோட்டல்காரர்கள் கரையில் வேலி போடுவதை நிறுத்துவேன் என்றவர். என் மூத்தவன் படகை இழுத்து ஏற்றும் கரை அது. அவளுடைய ஆளின் நோட்டீசை விரித்து நான் மீன் அரிவேன். என்னுடைய ஆளின் முகத்தில் அவள் முருங்கைக்காய்ச் சக்கையைத் துப்புவாள். எங்கள் அரசியல் அவ்வளவுதான்.

ஆனால் அந்த முறை என் ஆள் சந்தியில் ஒலிபெருக்கி வைத்துக் கதைத்தபோது, "வந்தவங்க வந்த ஊருக்கே போய் வாக்குப் போடட்டும்" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டார். அவள் அப்போது என் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆயும் சத்தம் நின்றது.

"காத்து அந்தப் பக்கமா அடிக்குது, ஒண்டும் விளங்கல்ல" என்றேன்.

"எனக்கு விளங்கிச்சு ராத்தா" என்றாள்.

கண் தெரியாதவர்கள் துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போகலாம், நாம் சொல்கிற இடத்தில் அவர் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போடுவார் என்று கிராம சேவகர் சொன்னார். யாரைக் கூட்டிப்போவது? மூத்தவன் என் ஆளின் முகவர், அவனுக்கு அனுமதி இல்லை. இளையவன் கத்தாரில். மிச்சம் மருமகள். மீன் ஆணத்துக்கு நான் சொல்கிற அளவு உப்பே போடாதவள், நான் சொல்கிற இடத்தில் புள்ளடி போடுவாளா?

வேலியோரம் போய்க் கூப்பிட்டேன்.

"மச்சி, வாக்குப் போட வாறியா?"

"ஓம், சேர்ந்து போவம்."

"சேர்ந்து போறது மட்டும் இல்ல. என்னோட உள்ளுக்கும் வரணும். என்ட ஆளுக்கு நீதான் போடணும்."



"ராத்தா, உங்களுக்குக் கண்ணுல மட்டுமா பூ விழுந்திருக்கு?"

"மூளையிலயும்தான். வாறியா?"

"அந்த மனுசனுக்கு என்ட கையால? உங்கட மருமகள் எங்க?"

"அவளை நம்ப ஏலாது."

"என்னை நம்புவீங்களா?"

"அதைப் பாக்கத்தான் கூப்பிடுறேன்."

பகிடிக்குத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அவள் மாற்றிப் போட்டால் எனக்குத் தெரியவே வராது. ஒரு வாக்குப் போனால் போகட்டும். முப்பது வருடத்துக்கு மேலாகப் பார்த்த முகத்தை இனிச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டி வருமே.

பள்ளிக்கூட மண்டபத்தில் சின்ன விரலுக்கு மை பூசினார்கள். அட்டை மறைப்புக்குப் பின்னால் இரண்டு பேரும் தலையைச் சேர்த்துக்கொண்டு நின்றோம். கடதாசி எனக்கு ஒரு வெள்ளைப் புகை. அவள் மேலிருந்து கீழே ஒவ்வொரு சின்னமாக என் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். என் ஆளின் இடத்தில் குரல் நின்றது.

"இதுதான். போடட்டா?"

அவள் கையின் மேல் என் கையை வைத்தேன். பேனை கடதாசியில் படவேயில்லை.

"ஏலாட்டி விடு மச்சி. உன்ட ஆளுக்கே போட்டுடு."

"அதுக்கு நான் வரல்ல."

பேனை இரண்டு முறை இழுபட்டது.

வெளியே வந்ததும் என்னை வேப்பமர நிழலில் உட்கார வைத்தாள். "இருங்க ராத்தா. நான் போய் உங்கட வாக்கைக் கழிச்சுப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத் தன் வாக்கைப் போட உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் வேலிப் பக்கம் வரவில்லை.

"மாத்திப் போட்டிருப்பாங்க மாமி. அதான் முகத்தைக் காட்ட ஏலாம இருக்காங்க" என்றாள் மருமகள்.

"போடி. மாத்திப் போட்டிருந்தா அடுத்த நாளே இனிப்பா தொதல் கிண்டிக்கொண்டு வந்திருப்பாள். சரியாப் போட்டதாலதான் இந்தக் கோபம்."

நான்காம் நாள், வேலியைத் தடவித் தடவி அவள் வளவுக்குப் போனேன். வெயிலும் பாலும் கலந்த வெளிச்சத்தில், கிணற்றடியில் அவள் கறுப்பாக நின்றுகொண்டிருந்தாள்.

"மச்சி, அந்த மனுசன் சொன்னது பிழைதான். உன்ட கையால அவனுக்குப் போட வச்சது அதைவிடப் பிழை. ஆனா கரைக்கு வேலி வந்தா என்ட புள்ள படகை எங்க ஏத்துறது?"

லேசாக அசைந்து மறுபக்கம் திரும்பினாள்.

"நீ வந்தவள் இல்லடி. நீ இல்லாட்டி இந்த ஊர்ல எனக்குக் கதைக்க ஆளே இல்ல. மன்னிச்சுக்கொள்ளு."

அப்போதும் அசைந்தாளே தவிர வாய் திறக்கவில்லை. கிட்டப் போய்க் கையைப் பிடித்தேன். ஈரமாக இருந்தது. உள்ளே கை இல்லை.

பின்னால், குசினி வாசலிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது.

"அது கொடியில காயுற என்ட அபாயா ராத்தா! விடாதீங்க, இன்னும் ரெண்டு சொல்லுங்க. கேக்க நல்லாத்தான் இருந்திச்சு."

"எப்பவில இருந்துடி நிக்கிறாய்?"

"மச்சி என்டு தொடங்கினதுல இருந்து."

"அப்ப ஏன் வாயத் திறக்கல்ல?"

"நீங்க அபாயாவோட கதைக்கிறீங்க. நான் ஏன் இடையில?"

சிரிப்பு மெதுவாக அடங்கியது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்குக் கண் தெரியாதது நல்லதாகப் போயிற்று. அவள் முகத்தைத் துடைக்க அவசரப்படவில்லை. பிறகு என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் பலகையில் உட்கார வைத்து, இஞ்சி போட்ட பிளேன்டீ தந்தாள்.

"சொன்னதெல்லாம் சரி ராத்தா. ஆனா உங்கட ஆள் அந்த வேலியை நிப்பாட்ட மாட்டான்."

"ஏன்டி, வேலிக்குக் கம்பி குடுத்ததே உன்ட ஆள்தானே!"

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை நாங்கள் ஓயவில்லை.